நகைப்பும் நடிகனின் பொறுப்பும்

மக்களைச் சிரிக்கவைத்து வயிறு வளர்க்கும் ஒரு நடிகனிடம், 'நீ ஏற்ற வேடங்களுக்கு நீ பொறுப்பா?' என்று வினவுவது முறையாகுமா? கதாநாயகனிடம் இவ்வினாவை எழுப்ப எவரும் தயங்குவதில்லை. நகைச்சுவை நடிகன் விடயத்திலோ நாம் எளிதில் விட்டுக்கொடுத்து விடுகின்றோம். 'சிரிப்புத்தானே, இதில் என்ன கேடு?' என்பதே நமது பொதுவான மனப்பான்மை. இம்மனப்பான்மை ஆராயப்பட வேண்டியது. ஒரு சமூகம் எதைக் கண்டு அழுகின்றது என்பதிலும் பார்க்க, எவரைக் கண்டு சிரிக்கின்றது என்பதே அச்சமூகத்தின் உள்ளக்கிடக்கையைத் தெளிவாகக் காட்டுவதாகும்.

நம் முன்னோர் நகைப்பை அற்பமான பொருளாகக் கருதினாரல்லர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையையே முதற்கண் வைக்கின்றது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை தோன்றுவதற்கான நிலைக்களன்கள் என்றும் கூறுகின்றது. இவற்றுள் எள்ளலுக்கு உரை கூறப் புகுந்த பேராசிரியர் அதனை இரண்டாக வகுத்தார். தான் பிறரை இகழ்ந்து நகுவது ஒன்று. பிறர் தன்னை இகழ்ந்தவிடத்துத் தானே நகுவது மற்றொன்று. முன்னையது வலியவனின் சிரிப்பு. பின்னையது அடிபட்டவனின் சிரிப்பு. நகைச்சுவை நடிகனின் வேடத் தேர்வைப் பற்றிய அறப்பிரச்சினை முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலேதான் கிடக்கின்றது என்பது நமது துணிபு. தமிழ்த் திரையுலகில் நாகேஷ் என்ற நடிகரின் வாழ்க்கை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

நாகேஷைப் புரிந்துகொள்ள அவருக்கு முற்பட்ட என்.எஸ்.கிருஷ்ணனை நினைவுகொள்வது அவசியம். 1936இல் 'சதிலீலாவதி' மூலம் திரைக்கு வந்த கலைவாணர், தமது நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொண்டவர். டி.ஏ.மதுரத்துடனும் தமது குழுவினருடனும் சேர்ந்து, மூலக்கதைக்குப் புறம்பாகக்கூட ஒரு தனிக்கதையை அவர் நடத்திச் செல்வார். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி'யில், கோயிலை நாடிச் சென்ற நந்தனாரின் கதையைக் கல்வியை நாடிச் செல்லும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவனின் கதையாக மாற்றிக் 'கிந்தனார்' காலட்சேபமாக அவர் நடத்தினார். 'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களைத் தாமே நெறிப்படுத்தினார். எனவே கலைவாணரின் தேர்வு அவருடைய தேர்வேயாகும். அவருடைய நகைச்சுவை சில வேளைகளில் பிரசங்கமாகிவிட்டது என்ற குறைபாடு உண்மையே. ஆயினும் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எளியவனை இகழ்ந்து சிரிக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலைவாணருக்கு அச்சுதந்திரம் வானத்திலிருந்து விழுந்ததன்று. நாடகக் குழு, பாடலாசிரியர், துணை நடிகர் என்னும் சாதனங்கள் அவர் கையில் இருந்தன. தேர்வுச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவோர் இப்பொருளாதார அடிப்படையை மறந்துவிட்டுப் பேசுதல் கூடாது.

நாகேஷின் நிலை வேறு. தாராபுரத்தைச் சேர்ந்த அவர் சென்னையில் இரயில்வே இலிகிதராக இருந்துகொண்டே நாடக மேடையேறியவர். அம்மை வடு நிறைந்த முகமும் ஒல்லியான உடலும் அவருக்குரிய முதலீடு. 1959இல் 'தாமரைக்குளம்' படத்தில் அறிமுகமானபோது அவருக்கெனக் குழுவும் இல்லை. கதை எழுதுவோரும் இல்லை. படமுதலாளி குறித்துக் கொடுக்கும் நாளில் சென்று, குறித்துக் கொடுக்கும் வேடத்தை நடித்துவிட்டு வரும் உழைப்பாளியாகவே அவர் இருந்தார். புகழ் உச்சியிலிருந்த காலத்தில் ஒரே நாளில் பல படப்பிடிப்புகளுக்கு ஓடினார் என்றால், அதுவும் அந்த உழைப்பு முறையின் மற்றொரு முகமேயாகும்.

இத்தகைய ஒருவர் 'தேர்ந்தெடுத்தார்' என்று சொல்லலாமா? ஓரளவிற்குச் சொல்லலாம். 1964 முதல் 1968 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அவர் ஏற்ற சில வேடங்களை வரிசைப்படுத்திப் பார்ப்போமாயின் இது விளங்கும்.

சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றிய கே.பாலசந்தரும் அவரும் ஒரே வகை மேடையிலிருந்து வந்தவர்கள். பகலில் அலுவலகம், மாலையில் நாடகம் என்று வாழ்ந்த கீழ் மத்தியதர வகுப்பினரின் மேடை அது. அம்மேடையில் பிறந்த நாடகமே 1964இல் கிருஷ்ணன்–பஞ்சு நெறியாள்கையில் 'சர்வர் சுந்தரம்' என்ற படமாயிற்று. தமிழ்ப் படங்களில் அதுவரை மூலையில் நின்ற உணவுவிடுதிப் பரிசாரகன் கதையின் நடுவிடத்திற்கு வந்தான். கோப்பைகளை அடுக்கடுக்காய் ஏந்தி வரும் அவனுடைய தொழில் திறமையே அங்கு நகைச்சுவையாகின்றது. அச்சிரிப்பில் இகழ்ச்சி இல்லை. உழைப்பைக் கண்ட வியப்பு இருக்கின்றது. அவனே பின்னர் புகழ்பெற்ற சிரிப்பு நடிகனாகின்றான். ஊரெல்லாம் அவனைக் கண்டு சிரிக்கின்றது. ஆனால் அவன் விரும்பிய பெண் அவனுடைய நண்பனை விரும்புகின்றாள். தாயின் மரணத் தறுவாயிலும் அவனால் அருகிருக்க முடியவில்லை. சிரிக்கவைப்பவனை எல்லோரும் விரும்புவர். தமக்குரியவனாக ஏற்கமாட்டார் என்ற கசப்பான உண்மையை அப்படம் சொல்லிற்று.

எனினும் அப்படத்தின் முடிவு நமக்கு உடன்பாடானதன்று. செல்வமும் புகழும் வீண் எனக் கண்ட சுந்தரம் மீண்டும் பரிசாரகனாகத் திரும்பிவிடுகின்றான். ஏழைக்கு ஏழ்மையே நிம்மதி என்னும் பழைய உபதேசம் இங்கு புதிய சட்டை அணிந்து வருகின்றது. முகவடிவத்தையும் வறுமையையும் வைத்து மனிதனை அளக்கும் சமூகத்தின்மீது எழவேண்டிய வினா, தனி மனிதனின் தலைவிதிமீது இறக்கிவைக்கப்படுகின்றது. இது ஆசிரியரின் குறை, நடிகரின் குறையன்று. நாகேஷ் அப்பாத்திரத்திற்குக் கொடுத்த மானம் அம்முடிவையும் மீறி நிற்கின்றது.

1965இல் வந்த 'திருவிளையாடல்' தருமியை எடுத்துக்கொள்வோம். பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் தருமி இறைவனருளுக்குப் பாத்திரமான ஓர் ஏழை, அவ்வளவே. ஏ.பி.நாகராசனின் படத்திலோ, நாகேஷின் உடலில், அவன் ஆயிரம் பொன்னை எண்ணி ஏங்கி, தனிமையில் புலம்பி, தன் இயலாமையைத் தானே ஏளனம் செய்துகொள்ளும் மனிதனாகின்றான். அரசவையும் சங்கப் பலகையும் ஒருபுறம்; பசித்த வயிறு ஒருபுறம். கவிதைக்குப் பரிசில் நிர்ணயிக்கும் அதிகாரத்தின் முன்னே அவன் நடுங்குகின்றான். ஆனால் இறைவனையே துருவித் துருவிக் கேள்வி கேட்கின்றான். பேராசிரியர் கூறிய இரண்டாவது எள்ளலுக்கு இதனினும் சிறந்த உதாரணம் தமிழ்த் திரையில் அரிது. நாம் தருமியைக் கண்டு சிரிக்கத் தொடங்கித் தருமியாகவே சிரித்து முடிக்கின்றோம்.

1968இல் இரண்டு வேடங்கள் வருகின்றன. ஒன்று 'எதிர்நீச்சல்' மாது. மாடிப்படியின் கீழ் வாழ்ந்து, வீட்டில் குடியிருப்போர் அனைவருக்கும் ஏவல் செய்து, அவர்கள் இடும் சோற்றை உண்டு படிக்கும் அநாதை இளைஞன். கல்வியைத் தவிர ஏறுவதற்கு வேறு படியில்லாத மாணவர்களை வகுப்பறையில் நாள்தோறும் காணும் ஆசிரியர்களுக்கு மாது அந்நியன் அல்லன். மற்றையது 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி. மிராசுக்கும் மகாராசாவுக்கும் ஒரு கலைஞையைக் கூட்டிக்கொடுக்க அலையும் தரகன். மாதுவின் பின்னர் அதே நடிகர் வைத்தியாக வருவது முரண்பாடு போலத் தோன்றலாம். முரண்பாடில்லை. வைத்தியைக் கண்டு நாம் நகும்போது, கலையைப் பண்டமாக்கிய நிலவுடைமை ஆதரவு முறை முழுவதையும் நகுகின்றோம். நல்லவனாக நடிப்பதுதான் நல்ல தேர்வு என்று கொள்வது சிறுபிள்ளைத்தனம். நகைப்பின் அம்பு எத்திசையில் பாய்கின்றது என்பதே கேள்வி.

'அவர் ஏற்ற வேடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்க, நாலைந்தைப் பொறுக்கியெடுத்துப் பேசுவது நியாயமா?' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான தடைதான். கதாநாயகனின் தோழனாய், வேலைக்காரனாய், காரணமின்றி விழுந்தெழும் கோணங்கியாய் வந்த வேடங்கள் ஏராளம். அவற்றுட் பலவற்றில் அவருடைய மெல்லிய உடலே பரிகாசப் பொருளாயிற்று. இவற்றை மறைத்தல் விமரிசனமாகாது. ஆனால் அடுப்பெரிய வேண்டி ஏற்ற வேடத்தையும், மறுக்கும் வலிமையிருந்தும் ஏற்ற வேடத்தையும் ஒரே தராசில் நிறுக்கவும் ஆகாது. நடிகனின் பொறுப்பு அவனுடைய வலிமையின் அளவினது. வலிமை குன்றிய காலத்தில் அவனைப் பழிப்பவன், உழைப்பாளியைத் திட்டி முதலாளியைத் தப்பவிடுபவனாவான். வலிமை பெற்ற காலத்தில் அவனைக் கேளாது விடுபவனோ முகத்துதி செய்பவனாவான்.

சந்தை ஒரு நடிகனிடம் வேண்டுவது புதுமையையன்று. நேற்று விலைபோன சிரிப்பையே இன்றும் வேண்டுகின்றது. அது தேயும்போது நடிகனையும் தேய்த்து எறிந்துவிடுகின்றது. எழுபதுகளுக்குப் பின்னர் நாகேஷுக்கும் வாய்ப்புகள் குறைந்தன. அவரை மீட்டது பழைய சிரிப்பன்று. அதனைக் கைவிடத் துணிந்த தேர்வுகளேயாகும். 1989இல் 'அபூர்வ சகோதரர்க'ளில் கொடியவனாக வந்தார். 1994இல் 'மகளிர் மட்டும்' படத்திற் பிணமாகக் கிடந்து நடித்தார். அதே ஆண்டு 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த தந்தையாக நடித்துச் சிறந்த துணை நடிகருக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றார். 2009இல் மறைந்தார்.

அவ்விருதைப் பற்றி மகிழ்வோடு ஒரு வருத்தத்தையும் நாம் பதிவு செய்தல் வேண்டும். தருமிக்கும் மாதுவுக்கும் கிடையாத தேசிய விருது, அவர் அழுதபோதே கிடைத்தது. சிரிப்பு இரண்டாந்தரமானது, கண்ணீரே கலை என்னும் மதிப்பீடு நமது அறிஞர் உலகிலும் வேரோடியிருக்கின்றது. சிரிப்பைக் கலையாக மதியாதவர்களுக்கு அதன் அறத்தைக் கேட்கும் உரிமையும் இல்லை.

இவ்வறம் இறந்தகாலப் பொருளன்று. நாகேஷுக்குப் பின்வந்த பத்தாண்டுகளில், கவுண்டமணி உதைக்கச் செந்தில் உதைவாங்கும் காட்சிகளுக்குத் திரையரங்குகள் அதிர்ந்தன. பெரிய மனிதரின் போலித்தனத்தைக் கிழித்த வசனங்களும் அவற்றில் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் நம் பிள்ளைகள் பள்ளிக்கூட முற்றத்திற் பாவனை செய்தது கிழிப்பை அன்று, உதையையே. கறுத்தவன், குள்ளன், தடித்தவள், திக்குவாயன் என்னும் பட்டப்பெயர்கள் எங்கிருந்து வகுப்பறைக்குள் வருகின்றன என்று ஆசிரியராக உள்ளோர் சிந்தித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

இதே நிரையில் வந்த வடிவேலுவின் தேர்வொன்று நமக்கு நம்பிக்கையளிக்கின்றது. 1992இல் 'தேவர் மக'னில் எசமானரின் பகைக்காகக் கையை இழக்கும் ஏவலாளன் இசக்கியாக வந்தவர் அவர். 2003இல் 'வின்னர்' படத்தில் வீரம் பேசி அடிவாங்கும் கைப்புள்ளையாக வந்து ஊரைச் சிரிக்கவைத்தவரும் அவரே. 2023இல் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' படத்தில், மக்கள் பிரதிநிதியாகியும் உயர்சாதித் தலைவன் முன்னே உட்கார இயலாது நிற்கும் ஒடுக்கப்பட்ட மனிதராக அவர் நின்றார். அதே முகம், அதே உடல். இம்முறை அந்த உடல் குனிந்து நிற்பதைக் கண்டு சிரிக்க ஒன்றுமிருக்கவில்லை. முன்னர் நாம் சிரித்ததெல்லாம் எதைக் கண்டு என்ற வினா அந்த நாற்காலியின் அருகே எழுந்து நின்றது. ஒரு வேடத் தேர்வு, நடிகரின் கடந்தகாலம் முழுவதையும் திரும்ப வாசிக்கச் செய்யும் வலிமையுடையது என்பதற்கு இது சான்று.

ஆகவே, வேடத் தேர்வு நடிகனின் தனிச்சொத்தன்று. எழுதுபவன், பணமிடுபவன், நடிப்பவன் ஆகிய மூவரும் அதில் பங்காளிகள். நாலாவது பங்காளியும் உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கிச் சென்று இருளில் அமர்ந்து சிரிக்கும் நாமே அந்த நாலாமவர். எதற்குச் சிரிக்கின்றோமோ அதையே அடுத்த ஆண்டும் நமக்குப் பரிமாறுவார்கள். தாழ்ந்தவன் அடிபடும்போது சிரித்துவிட்டு, வெளியே வந்து நடிகனின் சமூக உணர்வைப் பற்றி விவாதிப்பது நேர்மையாகாது.

மாணவர்களுக்குச் சிரிப்பை விலக்கச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் அவர்கள் கேளார். ஒவ்வொரு சிரிப்பின் முடிவிலும் ஒரு வினாவை எழுப்பப் பழக்கினாற் போதும்: இங்கே அடிபட்டவனும் நம்மோடு சேர்ந்து சிரிக்கின்றானா? சிரிக்கின்றான் என்றால் அது தருமியின் சிரிப்பு; நாம் அதனை உரத்துச் சிரிப்போம். இல்லையென்றால், நமது வாய் மூடட்டும். பார்வையாளர் வாய்மூடும் இடத்தில்தான் நடிகனுக்கு வேறொரு வேடத்தைத் தேரும் துணிவு பிறக்கும்.