கரையும் பாலமும்

(ஆனி மகக் குருபூசைப் பிரசங்கம்)



மணிவாசகப் பெருமானுடைய குருபூசைத் தினமாகிய இவ்வானி மகத்திலே அடியேனுக்கு விதிக்கப்பட்ட விஷயம், பாட்டும் இசையும் கதையும் கீழ்த்திசைக்கும் மேற்றிசைக்கும் பாலமாதல் என்பதாம். பாலத்தைப் புகழ்ந்து பேசுவோர் பலர். பாலத்தைத் தாங்கிநிற்குங் கரையை நினைப்போர் சிலர். ஆதலின் இரண்டையுஞ் சேர்த்து ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அடியேனுடைய குறையொன்றைச் சொல்லிவிடுதல் கடன். அடியேன் கிறிஸ்தவ பாடசாலையொன்றிலே கற்றவன். அங்கே ஆங்கில இலக்கியத்தையும் இசையையும் அன்போடு கற்பித்தார்கள்; அந்நன்றியை மறவேன். வீட்டிலே சிவபுராணத்தை நாடோறும் ஓதினேன். ஆயினும் பொருளறிந்து ஓதினேனல்லேன். பதினேழாம் வயதிலே, பாடசாலைப் புத்தகசாலையில் தூசிபடிந்த பெருநூலொன்றை எடுத்து விரித்தேன். திருவாசகத் தமிழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதிலே ஒருங்கு அச்சிடப்பட்டிருந்தன. ஆங்கிலத்தை வாசித்தபொழுதே, நாடோறும் நாவிலிருந்தது இன்னதென்று நெஞ்சுக்குத் தெரிந்தது. என் வீட்டு விளக்கை அயல்வீட்டார் தூண்டிக் காட்டியபோது எய்திய மகிழ்ச்சி பெரிது. வெட்கமோ அதனினும் பெரிது.

அந்நூலைச் செய்தவர் போப்பையர். 1820 இலே பிறந்து, 1839 இலே கிறிஸ்தமத போதகராகச் சென்னைக்கு வந்து, தமிழை முறையாகக் கற்று, முதுமையிலே ஒக்ஸ்போட் சர்வகலாசாலையில் தமிழாசிரியராய் விளங்கியவர். திருக்குறளை 1886 இலும், நாலடியாரை 1893 இலும் ஆங்கிலத்திலே வெளியிட்டார். திருவாசகத்தை அச்சிடுக என்று அங்குள்ள கல்லூரித் தலைவராகிய ஜோவெற் என்பார் வற்புறுத்தியபோது, தம் வயதை நினைந்து போப்பையர் தயங்கினார். பெரியதொரு பணியை மேற்கொண்டிருத்தலே நெடுங்காலம் வாழ்தற்கு உபாயமென்றும், அது முடியுமளவும் அவர் உயிரோடிருப்பாரென்றும் நண்பர் தேற்றினார். அவ்வாறே ஐம்பத்தொரு பகுதிகளும் 1900 இலே, அவருக்கு எண்பது வயது நிரம்பிய ஆண்டிலே, வெளிவந்தன. ஊக்கிய நண்பர் அதற்குமுன்னரே இறந்துபோயினார். நூல் அவர் ஞாபகத்துக்கே உரித்தாக்கப்பட்டது.

போப்பையர் தஞ்சமயத்தை விட்டாரல்லர். நஞ்சித்தாந்தத்தோடு பலவிடத்து மாறுபட்டும் எழுதினார். இதனாற் சிலர் அவரை ஐயுறுவர். அடியேன் அவ்வாறு கருதேன். அவர் தங்கரையிலே உறுதியாக நின்றமையாலன்றோ பாலத்தின் அவ்வந்தம் நிலைபெற்றது! இக்கரையிலும் அத்தகைய உறுதியுடையார் இருந்தனர். நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிளைத் தமிழ்ப்படுத்துதலிலே துணைநின்றார்கள். அங்ஙனம் நின்றவர்களே 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். பிறர்நூலைக் கையிலெடுத்தமையால் நாவலரவர்களுடைய திருநீறு அழிந்ததில்லை.

இனி இசையைப் பார்ப்போம். பிடில் மேற்றிசை வாத்தியம். முத்துசுவாமி தீக்ஷிதருடைய இளைய சகோதரராகிய பாலுசுவாமி தீக்ஷிதர் (1786–1858) சென்னையிலே ஐரோப்பியரிடத்து அதனைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். மேனாட்டார் நின்று, தோளிலே தாங்கி வாசிப்பர். நம்மவர் சம்மணமிட்டிருந்து, அதன் தலையைப் பாதத்திலே ஊன்றி வாசிப்பர். தந்திகளையுஞ் சட்சமும் பஞ்சமமுமாக மாற்றிச் சுருதிகூட்டினர். கை அசையாது நிற்கவேண்டி இருப்பை மாற்றினர், கமகங்கள் குறைவின்றி ஒலிக்கவேண்டி விரலை மாற்றினர், இராகத்தையோ மாற்றினாரல்லர். முத்துசுவாமி தீக்ஷிதரும் ஆங்கிலேய மெட்டுக்கள் பலவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியஞ் செய்து, அந்நிய மெட்டிலே நந்தெய்வங்களைத் துதித்தார். கொள்ளத்தக்கதைக் கொண்டும், தமதை இழவாதிருந்தனர் அவர்.

கதையோ குழந்தைகளுக்கும் எளிய பாலம். நம் இலங்கையிலே பிறந்த சேர் முத்துக்குமாரசுவாமி அவர்கள் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்திலே பெயர்த்து, 1863 இலே லண்டன் மாநகரிலே வெளியிட்டு, விக்ரோறியா மகாராணியாருக்கு உரிமையாக்கினார்கள். நாட்டையிழந்து, மனைவியையும் மைந்தனையும் விற்று, சுடலை காத்தும் சத்தியத்தை விடாத அரசனுடைய துயரத்தை உணர்தற்குக் காசியைக் கண்டிருத்தல் வேண்டுமோ? அவர்களுக்கும் ஆங்கிலேய மாதொருவருக்கும் 1877 இலே கொழும்பிற் பிறந்த புத்திரரே ஆனந்தக் குமாரசுவாமி. அவர் சிவதாண்டவத்தின் கருத்தை விளக்கி எழுதிய கட்டுரை 1912 இலே சித்தாந்த தீபிகையில் வெளிவந்தது. அதனைத் தலைப்பாகக் கொண்ட நூல் 1918 இலே நியூயோர்க்கில் வெளிவந்தது. 2004 இலே ஜெனீவாவிலுள்ள அணுவாராய்ச்சி நிலையத்திலே இந்திய அரசினர் அளித்த நடராச வடிவத்தின் பக்கத்துப் பலகையிலே அவருடைய வாக்கியமும் பொறிக்கப்பட்டுள்ளது.

அன்பர்களே! இவையெல்லாம் முன்னோர் செய்தவை. இன்று யாம் செய்வது யாது? சென்ற ஆண்டிலே, ரொறன்ரோவிற் பிறந்து வளர்ந்த என் தமையனாரின் மகள் இங்கு வந்திருந்தாள். திருவாசக முற்றோதலிலே என்னருகிருந்தவள், “சித்தப்பா, எல்லாரும் ஏன் அழுகிறார்கள்? இதன் பொருள் என்ன?” என்று வினாவினாள். முப்பதாண்டு ஆசிரியனாயிருந்த அடியேன் பதவுரை சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததில்லை. அன்றிரவு போப்பையருடைய நூலைக் கொடுத்தேன். விடியற்காலையிலே வந்து, “சித்தப்பா, தமிழிலே ஒருமுறை பாடுங்கோ, கேட்கவேண்டும்” என்றாள். ஆங்கிலப் பாலம் அவளைத் தமிழ்க்கரையிலே கொண்டுவந்து விட்டது. ஆயின், இக்கரையிலே பாடுதற்கு ஒருவரும் இல்லாதிருந்தால் அக்குழந்தை எங்கே இறங்கியிருக்கும்?

மணிவாசகப் பெருமான் பொருட்டு வைகை பெருகிய கதையை நினையுங்கள். பாண்டியன் கரையை அளந்து ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பங்காக விட்டான். ஆளில்லாத வந்தியின் பங்கை அடைத்தற்குச் சோமசுந்தரக் கடவுளே கூடையுங் கொட்டுங் கொண்டு, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று வந்தார். அரசன் பிரம்பால் அடித்தபோது, அவ்வடி அரசன்மேலும் பட்டது, எல்லாவுயிர்மேலும் பட்டது. கீழ்த்திசைக்கொரு முதுகும் மேற்றிசைக்கொரு முதுகும் இல்லையென்பதை இதனினுந் தெளிவாக எக்கதை கூறும்? நோவு ஒன்றாதலாலன்றோ, ஒருவர் பாட்டு மற்றவரை உருக்குகின்றது!

அக்கதையே கரையின் கடனையும் போதிக்கின்றது. நமக்கு அளந்துவிட்ட பங்கொன்று உண்டு. வந்திக்கு ஆளில்லை; ஆதலாலே இறைவர் வந்தார். ஆளிருந்தும் அடையாது கிடக்கும் பங்குக்கு யாம் என்ன நியாயஞ் சொல்வோம்? பிள்ளைகள் போட்டிக்கும் பரீட்சைக்கும் மனனஞ்செய்து, மறுநாள் மறக்கும்படி விடுவது கரையை அடைப்பதாகாது. இவ்வாண்டு ஒவ்வொரு வீட்டிலும் திருவாசகத்திலே ஒரு பதிகமாயினும் பொருளுணர்ந்து ஓதுங்கள். ஆங்கிலமறிந்தார் அதனை ஆங்கிலத்திலுஞ் சொல்லப் பழகுங்கள். பிறர் பாட்டையும் மதித்துக் கேளுங்கள். கடல்கடந்த பிள்ளை தொலைபேசியிலே பொருள் கேட்குமாயின், “எனக்குத் தெரியாது” என்று சொல்லும் நாள் நம் வீட்டிலே வாராதிருக்கட்டும்.

இதற்குத் திருவருள் துணைசெய்க.

திருச்சிற்றம்பலம்.