பீடமும் சில்லும்

ஒரு பொருள் கிடைக்காமல் போவதற்கு முன்பே அதை வாங்கி வைத்துக்கொள்வது முன்யோசனையா, பேராசையா? அரிசி விஷயம் என்றால் பதில் சொல்வதில் நமக்குச் சிரமம் இல்லை. பதுக்கல் என்ற வார்த்தை தயாராக இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரின் பிராசஸர் விஷயத்தில் தர்மாதர்மம் எங்கே வந்தது என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவில் என் வீடு. 2007ல் வாங்கிய மெஷின் ஒன்று இருக்கிறது. சிறுபத்திரிகை ஒன்றின் இதழ்களை அதில்தான் பக்கம் கட்டினேன். உள்ளே இருந்தது இரண்டு கோர் கொண்ட பிராசஸர். அதே சாக்கெட்டில் நான்கு கோர் உள்ளதைப் பொருத்தலாம், இப்போதே வாங்கிவிடுங்கள், பிறகு தேடினாலும் அகப்படாது என்றார், சென்னை ரிச்சி தெருவில் பழைய பாகங்கள் விற்பவர். கூடவே, ஸ்பேராக இன்னொன்றையும் எடுத்து நீட்டினார்.

இந்தச் சாக்கெட்டின் பெயரே ஓர் எண்தான். எல்ஜிஏ 775. 775 தொடுமுனைகள். 2004ல் வந்தது. இதற்கான நான்கு கோர் பிராசஸர்களில் பிரபலமான க்யூ6600 2007 ஜனவரியில் வந்தது. 2008, 2009லேயே 1366, 1156 என்று வேறு எண்களில் புதிய சாக்கெட்டுகள் வந்துவிட்டன. பழையதில் புதியது உட்காராது. ஆக, இந்த யந்திரம் தேய்ந்து கிழடாகவில்லை. தொலைவில் எவரோ எண்ணை மாற்றினார்கள், இங்கே இது கிழடாயிற்று. மூப்பு என்பது பொருளுக்குள் நிகழ்வது என்ற நம் பழைய எண்ணம் இங்கே செல்லாது.

கோயிலிலும் மூப்பு உண்டு. மூர்த்திக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள அஷ்டபந்தன மருந்து காய்ந்து வெடிக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்ற மரபு இதை அறிந்துதான் வந்திருக்க வேண்டும். கொம்பரக்கு, குங்கிலியம், எருமை வெண்ணெய் முதலானவற்றைச் சேர்த்து இடித்து மறுபடி சாத்துகிறார்கள். பிராசஸருக்கும் அதன் மேலுள்ள ஹீட்ஸிங்க்குக்கும் இடையிலும் ஒரு பேஸ்ட் இருக்கிறது. அதுவும் காய்கிறது, அதையும் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். ஒற்றுமை இந்த இடத்தோடு சரி. மருந்தை இடிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சில்லைச் செய்ய இந்த ஊரில் ஒருவராலும் முடியாது. ஒன்றைச் செய்யத் தெரிந்த சமூகம் புதுப்பிக்கிறது; வாங்க மட்டுமே தெரிந்த சமூகம் சேமித்து வைக்கிறது. என் பயம் என் சுபாவத்திலிருந்து மட்டும் வந்ததல்ல.

ஆனால் பயத்துக்குக் காரணம் இருப்பதாலேயே அது நியாயமாகிவிடாது. பிராசஸர் சுலபத்தில் சாவதில்லை. அதற்கு முன் மதர்போர்டின் கெபாசிட்டர்கள் உப்பி வெடிக்கும். மூர்த்தி நிற்கும், பீடம் போகும். அப்போது மேஜை டிராயரில் இருக்கும் ஸ்பேர் சில்லால் என்ன பிரயோஜனம்? தவிர, கிடைக்காமல் போகும் என்று ஆளுக்கு இரண்டு வாங்குகிறவர்கள்தான் அதைக் கிடைக்காமல் செய்கிறவர்கள். நான் இரண்டாவதை வாங்கினால், இதே சாக்கெட்டில் பிழைப்பு நடத்தும் யாரோ ஒருவருக்கு ஒன்று குறைகிறது. அவர் முகம் எனக்குத் தெரியாது என்பதால் அது பதுக்கல் இல்லை என்றாகிவிடுமா?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மெஷினை நான் காப்பாற்ற நினைத்தது வேகத்துக்காக அல்ல. இதழ்கள் பேஜ்மேக்கரில் இருக்கின்றன. அதன் கடைசிப் பதிப்பு 7.0, 2001ல் வந்தது. அதற்கு யூனிகோட் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்களில் கவிதைகளை அடித்தோம். எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் அவை வெறும் குப்பை. யூனிகோடின் முதல் பதிப்பு வந்த 1991லேயே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. ஒவ்வொரு வரியையும் மறுபடி படித்துத் திருத்த வேண்டும். படித்தால் பல கவிதைகள் நிற்கா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. உடம்பைப் பராமரித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பதைப் பார்க்காமலே இருந்துவிடலாம். சில்லு வாங்கப் போனது இந்த ஒத்திப்போடலின் இன்னொரு பெயர்.

இங்கிருந்துகொண்டு எல்லாம் அழியும் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். மலை பக்கத்திலேயே இருக்கிறது, தத்துவம் மலிவாகக் கிடைக்கும். எனக்கு அது உதவவில்லை.

ஒன்று மட்டும் வாங்கினேன். 65 வாட் இருந்த இடத்தில் 105 வாட் என்பதால் பெரிய ஃபேன் தேவைப்பட்டது. பயாஸ் புதிய சில்லை அடையாளம் கண்டுகொண்டது. பேஜ்மேக்கர் முன்பு ஓடிய வேகத்திலேயே ஓடுகிறது. அதற்கு நான்கு கோர் எதற்கு? கழற்றிய பழைய பிராசஸரைக் கிரிவலப் பாதையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பரின் மெஷினில் பொருத்தினோம். அவரிடம் இருந்தது அதனினும் பலவீனமானது, சாக்கெட் அதேதான். பௌர்ணமிக் கூட்டத்தில் அவருக்கு அது உதவும்.

யந்திரத்தில் இருக்கும் சில்லுக்கும் டிராயரில் இருக்கும் சில்லுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் கேள்விக்கு இப்போதைக்குக் கிடைத்த பதில். முதல் இதழைத் திறந்து மாற்றத் தொடங்கியிருக்கிறேன். பதினான்கு கவிதைகள். மூன்று நின்றன.