தூரமும் உடைமையும்

பழைய பைனாகுலர்களைச் சேகரிக்கிறவன் உண்மையில் எதைச் சேகரிக்கிறான் என்று ஒரு நண்பர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். தபால்தலை சேர்க்கிறவனையும் காசு சேர்க்கிறவனையும் மன்னித்துவிடலாம், அவர்கள் சேர்ப்பவை பார்க்கப்பட வேண்டிய பொருள்கள். நீயோ பார்ப்பதற்கான கருவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதன் அழகை ரசிக்கிறவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்றார். கேலிதான் என்று தள்ளிவிட முடியவில்லை. ஹைடெக்கர் 1927இல் வெளியான நூலில், மூக்கின்மேல் இருக்கும் கண்ணாடி எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் படத்தைவிட அதை அணிந்திருப்பவனுக்கு அதிகத் தொலைவில் இருக்கிறது என்ற பொருளில் ஒரு இடத்தில் எழுதுகிறார். நல்ல கருவி தன்னை மறைத்துக்கொள்கிறது. பைனாகுலர் சரியாக வேலை செய்யும்போது பைனாகுலர் இல்லை, எதிரே இருப்பது மட்டுமே இருக்கிறது. அப்படியானால் அதை அலமாரியில் வரிசையாக வைத்துத் துடைப்பவன், மறைந்துபோவதே தன் இயல்பாகக் கொண்ட ஒன்றை மறையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறான் என்று ஆகிறது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பைனாகுலர் என்றே எழுதுகிறேன். தொலைநோக்கி என்றால் வானத்தைப் பார்க்கும் ஒற்றைக் குழல்தான் நினைவுக்கு வருகிறது. தொலைநோக்கு என்ற சொல்லையோ திட்ட அறிக்கைகளும் வங்கியின் சுற்றறிக்கைகளும் தின்று தீர்த்துவிட்டன. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் தூரதிருஷ்டிக் கண்ணாடி என்றார்கள். அழகான சொல், யாரும் இன்று சொல்லப்போவதில்லை.

என்னிடம் இருப்பவை நாலு. பித்தளையில் செய்த, பிரிஸம் இல்லாத பழைய வகை ஒன்று. முன்னால் குவிலென்ஸ், கண் பக்கம் குழிலென்ஸ், அவ்வளவுதான். கலிலியோவின் குழலை இரட்டையாக்கியது. உருவம் நேராகவே தெரியும், ஆனால் சாவித் துவாரத்தின் வழி பார்க்கிற மாதிரி குறுகலாகத் தெரியும். அடுத்தது ஜேனாவில் செய்த 8x30. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 30 மில்லிமீட்டர். ரஷ்யாவின் கஸான் நகரத்தில் செய்த இன்னொரு 8x30. கனமானது, நயமில்லாதது, ஆனால் உள்ளே ஒரு துளி அழுக்குப் போகவில்லை. நாலாவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

இத்தாலியரான போர்ரோ 1854இல் உரிமை பெற்ற பிரிஸ அமைப்பு, கண்ணாடித் தொழில் அதற்கு ஈடுகொடுக்காததால் நாற்பது வருஷம் தூங்கியது. எர்ன்ஸ்ட் அபே ஜேனாவில் அதை மறுபடி கண்டுபிடித்தார், 1894இல் ஸைஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு குழலிலும் இரண்டு பிரிஸம், நான்கு பிரதிபலிப்பு. தலைகீழாக விழுந்த உருவம் நிமிர்கிறது, நீளமான ஒளிப்பாதை கையளவுக்கு மடிகிறது. இன்னொன்றும் நடக்கிறது. முன் லென்ஸ்கள் இரண்டும் நம் கண்களைவிட அதிகம் விலகி நிற்பதால் தூரத்துப் பொருள்களுக்கிடையே உள்ள ஆழம் கூடுகிறது. மலைச்சரிவில் ஒரு பாறையும் அதன் பின்னால் இருக்கும் பாறையும் தட்டையாக ஒட்டிக் கிடந்தவை சட்டென்று பிரிகின்றன. சேகரிப்பவனின் சந்தோஷம் பாதி இதில் இருக்கிறது. மீதிப் பாதி கெட்டியாகிப்போன கிரீஸைத் துடைத்துப் புதிதாகப் பூசிய பிறகு குவியச் சக்கரம் விரலுக்கு வழுவழுவென்று இணங்குவதில். நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸில் பூஞ்சை ஏறும். சிலந்தி வலை போல் ஆரம்பித்துக் கண்ணாடியையே அரித்துவிடும். ஒரு குழல் இம்மி விலகினாலும் உருவம் இரண்டாகி அரைமணியில் தலைவலி வரும். இரண்டு கண்ணையும் ஒரே பொருளில் சேர்த்து வைப்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பது இதைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும். விமர்சகர்களுக்குச் சிபாரிசு செய்வேன்.

நாலாவது, பிரிட்டிஷ் ராணுவத்தின் 6x30. உடம்பில் 1943 என்றும், சர்க்கார் சொத்து என்பதற்கான அகன்ற அம்பு முத்திரையும் இருக்கிறது. வலக் கண்ணில் அளவுக் கோடுகள். கண்ணமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்களில் ஒன்றில், வயதான ஒரு அம்மாளிடம் வாங்கினேன். அவருடைய மாமனார் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்பது வீட்டுப் பேச்சு. பழைய சாமான் வாங்குகிறவர்களிடையே ஒரு எழுதாத விதி உண்டு: பொருளைப் பார்த்ததும் கண்ணில் ஆசை தெரியக் கூடாது. 1985இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதைகளிலெல்லாம் இந்த விதி வருகிறது. இன்று வியாபாரம் செல்போனுக்குள் போய்விட்டாலும் விதி மாறவில்லை. விற்பவனின் அறியாமைதான் வாங்குபவனின் லாபம். கண்ணைச் சேகரிக்கிறவன் தன் கண்ணை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதில் இருக்கும் ஆபாசம் எனக்குப் பிடிக்காததால், இது இன்ன விலைக்குப் போகும் என்று அந்த அம்மாளிடம் முதலிலேயே சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதை எடுத்துக்கோ தம்பி. இந்தத் தோல் பை மட்டும் இருக்கட்டும், பாஸ்புக்கு, ரேஷன் கார்டு வெக்கறதுக்குத் தோதா இருக்கு" என்றார்.

பையில்லாத பைனாகுலருக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. ஆனால் அந்தப் பையைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். சேகரிப்பவன் பொருள்களைப் பயன் என்னும் அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கிறான் என்று வால்டர் பெஞ்சமின் கருதினார். பாரிஸைப் பற்றிய 1935 கட்டுரையில் இந்த எண்ணம் வருகிறது. கேட்க உன்னதமாக இருக்கிறது. அந்த அம்மாள் செய்தது இதற்கு நேர் எதிர். ராணுவம் ஒன்றுக்காகச் செய்த பையை அவர் வேறொன்றுக்கு வேலைக்கு அமர்த்திவிட்டார். பயனிலிருந்து விடுதலை என்பதைவிட இன்னொரு பயனுக்குள் போவது ஒரு பொருளுக்குக் கௌரவமான முடிவில்லையா? வங்கியில் நகைக்கடன் பைகளைப் பூட்டி வைக்கிறோம். உள்ளே இருக்கும் சங்கிலி கழுத்திலும் இல்லை, கண்ணிலும் படுவதில்லை. ஆனாலும் அது ஒரு விதைப்புக்கோ ஆஸ்பத்திரிக்கோ வேலை செய்துகொண்டிருக்கிறது. பூட்டியிருப்பதால் மட்டும் ஒரு பொருள் சேகரிப்பாகிவிடுவதில்லை. என் அலமாரிதான் உண்மையில் எந்த வேலையும் செய்யாத பெட்டகம்.

யுத்தத்துக்குச் செய்த கண்ணை ஓய்வு நேரத்தில் ரசிப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தம் தோய்ந்த பொருள் என்று நடுங்குவது ஒரு பாவனை. கண்ணாடிக்கு ஞாபகம் கிடையாது என்று தோளைக் குலுக்குவது இன்னொரு பாவனை. சரித்திரம் இரண்டையும்விடக் குழப்பமானது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது அதன் கடற்படைக்குப் பைனாகுலர் போதவில்லை, ஜெர்மன் கண்ணாடி வருவது நின்றிருந்தது. கடற்படையின் உதவிச் செயலாளராக அப்போது இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் குடிமக்களிடம் அவர்கள் வீட்டு பைனாகுலர்களைக் கேட்டார். கடற்படைக்குக் கண்கள் தாருங்கள் என்பது கோஷம். இனாமாக வாங்கச் சட்டம் இடம் தராததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் கொடுத்து, போர் முடிந்ததும் முடிந்தவரை திருப்பித் தருவதாக ஏற்பாடு. குதிரைப் பந்தயத்தையும் பறவைகளையும் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிகள் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடப் போயின. பிழைத்தவை மறுபடி பந்தயத்துக்குத் திரும்பின. இதில் எது நிரபராதி, எது குற்றவாளி?

ஆனால் அந்த அளவுக் கோடுகளை அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியவில்லை. என் வீட்டு மாடியிலிருந்து கிழக்கு ராஜகோபுரத்தைப் பார்த்தால் வலக் கண்ணில் கோபுரத்தின்மேல் கோடுகள் விழுகின்றன. 217 அடி, ஏறக்குறைய 66 மீட்டர் உயரம். அது இரண்டரை டிகிரி இடத்தை அடைத்தால் பார்ப்பவன் சுமார் 1500 மீட்டர் தூரத்தில் இருக்கிறான் என்று பெருக்கிச் சொல்லிவிடலாம். பீரங்கிக்காரனுக்கு வேண்டியது இவ்வளவுதான். 1767 செப்டம்பரில் ஹைதர் அலி, நிஜாம் ஆகியோரின் படைகளும் கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படையும் இந்த ஊரில் மோதிக்கொண்டன. அன்றைக்கும் யாரோ இந்தக் கோபுரத்தை வைத்துத் தூரம் கணித்திருப்பான். கோபுரத்தைக் கோபுரமாகப் பார்க்கவிடாமல், இலக்காகவோ இலக்குக்கான அடையாளமாகவோ பார்க்கச் செய்வதற்காகவே வரையப்பட்ட கோடுகள் அவை. கருவி தன்னை மறைத்துக்கொள்கிறது என்று தொடக்கத்தில் சொன்னது இங்கே பொய்யாகிறது. இந்தக் கருவி தன் நோக்கத்தைப் பார்க்கப்படும் பொருளின்மீதே எழுதிவிடுகிறது.

கோடுகள் இல்லாத பைனாகுலரிலும் இது சூட்சுமமாக நடக்கிறது என்பதுதான் என் சந்தேகம். சார்த்தர் 1943இல் காட்டிய உதாரணம் தெரிந்ததே: சாவித் துவாரத்தின் வழியே எட்டிப் பார்ப்பவன், பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் வெட்கத்தில் தானே ஒரு பொருளாக மாறிவிடுகிறான். பைனாகுலரின் சௌகரியம் காலடிச் சத்தம் வராது என்பது. குகை வாசலில் உட்கார்ந்திருக்கும் சாமியார், சுனையில் துணி துவைப்பவள், மொட்டை மாடியில் தலை உலர்த்துபவள், எல்லோரும் எட்டு மடங்கு அருகில் வருகிறார்கள். நான் அவர்களுக்கு ஒரு அங்குலம்கூட அருகில் போவதில்லை. இந்த ஊரில் பார்ப்பதற்கு வேறொரு இலக்கணம் உண்டு. சாமி பார்க்கப் போகிறோம் என்கிறோம், ஆனால் போவது பார்க்கப்படுவதற்கும்தான். ஸ்தபதி சிலையின் கண்ணைக் கடைசியில் திறக்கிறார். அதுவரை அது கல். திருப்பிப் பார்க்கக்கூடிய ஒன்றின் முன் போய் நிற்பது தரிசனம். திருப்பிப் பார்க்க முடியாத தூரத்தில் நின்றுகொண்டு பார்ப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, 2668 அடி உயரத்து உச்சியில் பர்வதராஜகுலத்தார் கொப்பரையில் தீபம் ஏற்றுகிறார்கள். ஒரு வருஷம் ஜேனா கண்ணாடியில் பார்த்தேன். புகையும், காற்றில் பிய்யும் ஆரஞ்சு நிறமும், குனிந்து நிமிரும் ஆட்களின் நிழல்களும் தெரிந்தன. தீபம் தெரியவில்லை. அது தூரத்துக்காகவே ஏற்றப்படுவது. சுற்றுவட்டாரத்து வயல்களிலிருந்தும் பஸ் ஜன்னல்களிலிருந்தும் ஒரு புள்ளியாகப் பார்க்கப்படுவதில்தான் அது தீபமாகிறது. தூரத்தைக் கழித்தால் மிஞ்சுவது நெய்யும் திரியும். இதைச் சொல்வதால் மலை என்றதும் கண்ணை மூடிக்கொள்ளும் கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். நெய்யையும் திரியையும் அந்த ஆட்களின் முதுகு வலியையும் தெரிந்துகொள்வது அவசியம் என்றே நினைக்கிறேன். ஆனால் அது வேறு அறிவு, அதற்கு மலை ஏற வேண்டும். பைனாகுலர் ஏறாமலே ஏறிவிட்டதாக ஒரு திருப்தியைத் தருகிறது. இந்தத் திருப்தியைத்தான் நான் நம்ப மறுக்கிறேன்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெங்கல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்தது. ஏழு பேர் செத்தார்கள், அதில் ஐந்து குழந்தைகள். உடல்களை எடுத்து முடிக்க இரண்டு நாளானது. மலையில் மண் சரிந்த பழுப்புக் கோடு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. என்னிடம் பைனாகுலர் இருப்பது தெருவுக்குத் தெரியும். மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்து கேட்டார்கள், மீட்புப் படை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கொடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுக்காததில் ஏதோ நேர்மை இருப்பதாகக் காட்டிக்கொள்ள நான் தயாரில்லை; பார்க்காமல் இருப்பதும் மாடியில் நின்று செய்யக்கூடிய சுலபமான காரியம்தான். அங்கே தேவைப்பட்டவை கடப்பாரையும் கையும். எட்டு மடங்கு பெரிய துக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஆனால் துக்கத்தைச் சின்னதாகவே வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது.

மத்தியானம் ஒரு பெண் வந்தார். சரிவுக்குப் பக்கத்துத் தெருக்காரர். அங்கிருந்தவர்களையெல்லாம் வெளியேற்றியிருந்தார்கள், இவர் எங்கள் தெருவில் உறவுக்காரர் வீட்டில் இருந்தார். "அண்ணா, எங்க வீடு இருக்குதான்னு பாக்கணும்" என்றார். கைக்கு முதலில் வந்தது பர்மாவிலிருந்து வந்த அந்த 6x30. மாடிக்கு அழைத்துப்போய், கண்ணுக்கொன்றாகக் குவியத்தைத் திருத்திக் கொடுத்தேன். வலக் கண்ணில் கோடு தெரியும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றேன். மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் தேடினார். பிறகு அசையாமல் நின்றார். தெரிகிறதா என்று கேட்டேன்.

"கொடியில போட்ட துணி அப்படியே நனைஞ்சுகிட்டுக் கெடக்குது" என்றார். கண்ணாடியை என்னிடம் தராமல் பக்கத்தில் நின்ற தன் மகளிடம் கொடுத்தார்.