வீதியும் நீதியும்

வீதி யாருக்கு உரியது? எல்லோருக்கும் உரியது என்பதே எவரும் உடனே கூறும் விடை. ஆயின், எல்லோருக்கும் உரிய பொருள் எல்லோருக்கும் போதாதவிடத்து எவர் முந்துவது, எவர் பிந்துவது என்ற வினா எழுகின்றது. போக்குவரத்துப் பொறியியலாளர் தீர்க்கவேண்டிய சிக்கலாகத் தோன்றும் இது, உண்மையில் அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும்.

கொழும்பின் வடவாயிலாகிய பேலியகொடை இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும். கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் இங்கு வந்து கூடுகின்றன. மொத்த மீன் சந்தை 2011இல் புறக்கோட்டையிலிருந்து இங்கு பெயர்ந்தது. கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை 2013இலும், புதிய களனிப் பாலம் 2021இலும் திறந்து வைக்கப்பட்டன. வண்டிகளுக்கான இடம் இவ்வாறு பெருகிய பின்னரும், காலை வேளையில் நகருக்குள் நுழையும் பஸ் வண்டியின் நடை விரைவுபட்டதாகக் கூறுதற்கில்லை. இடத்தைப் பெருக்குவது ஒன்று. இருக்கும் இடத்தைப் பங்கிடுவது வேறொன்று. முன்னையதற்குப் பணம் வேண்டும். பின்னையதற்கு நீதி பற்றிய தெளிவு வேண்டும்.

களனி கங்கையின் தென்கரையிலுள்ள கிராண்ட்பாஸிலிருந்து கோட்டைக்கும், கோட்டையிலிருந்து பொரளைக்கும் ஒருகாலத்தில் ட்ராம் வண்டிகள் ஓடின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையொட்டித் தோன்றிய இச்சேவையை 1944இல் கொழும்பு மாநகர சபை பொறுப்பேற்றது. 1960இல் அது முற்றாக நின்றது. 1895இல் மின்சார ட்ராம் தொடங்கிய சென்னையிலோ 1953இலேயே அது மறைந்துவிட்டது.

ட்ராம் வண்டிக்கு ஓர் இயல்பு உண்டு: அது விலக மாட்டாது. தண்டவாளத்தின்மேல் ஒரு மோட்டார் வண்டி நின்றால், ஐம்பது பேரைச் சுமந்துவரும் ட்ராமும் நின்றேயாக வேண்டும். எனினும், வீதிக்குத் தடை என்ற பழி பல நகரங்களிலும் ட்ராமின் மீதே விழுந்தது. ஒருவர் ஐம்பதின்மரைத் தடுத்தமை கண்ணுக்குப் புலப்படவில்லை. ஐம்பதின்மரைக் கொண்ட வண்டி ஒருவரைத் தாமதிக்கச் செய்தமையே புலப்பட்டது. இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. முன்னுரிமை எவருக்கும் வழங்கப்படாத வீதி நடுநிலையான வீதி அன்று. விலகவும் இடைபுகவும் வல்லவனுக்கு அது மறைமுகமாக முன்னுரிமை வழங்கியிருக்கின்றது.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நடுவுநிலைமை என்றதும் துலாக்கோல் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின், கோல் நேராக இருத்தல் மட்டும் போதாது. தட்டில் எதனை வைத்து நிறுக்கின்றோம் என்பதும் தெளிவாதல் வேண்டும். வண்டிகளை நிறுத்தால் ஒரு பஸ்ஸும் ஒரு மோட்டார் வண்டியும் சமம். மனிதரை நிறுத்தால் அவை சமமாகா.

ஈழத்தமிழர் பெருந்தொகையினராக வாழும் ரொறன்ரோவின் கிங் வீதியில் இந்நிறுவை செயல்வடிவம் பெற்றது. 2017 நவம்பரில் தொடங்கிய பரீட்சார்த்தத் திட்டத்தின்படி, முக்கிய சந்திகளில் மோட்டார் வண்டிகள் நேரே செல்லாது வலப்பக்கம் திரும்புதல் வேண்டும். ட்ராம் நேரே செல்லும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 72,000 ஆக இருந்த ட்ராம் பயணிகள் தொகை 84,000 ஆக உயர்ந்தது. வியாபாரம் குன்றியதென உணவகத்தார் சிலர் எதிர்ப்புக் காட்டினர். ஆயினும் 2019இல் அத்திட்டம் நிரந்தரமாக்கப்பட்டது.

முன்னுரிமை என்ற சொல்லே சமத்துவத்துக்கு முரணன்றோ எனச் சிலர் வினவக்கூடும். முன்னுரிமை மூன்று அடிப்படைகளில் எழுவதுண்டு. பிரமுகரின் வாகனத் தொடருக்காக வீதி மறிக்கப்படும்போது அது பதவியின்பாற்பட்டது. நோயாளர் காவுவண்டிக்கு வழிவிடும்போது அது தேவையின்பாற்பட்டது. ட்ராமுக்கு வழிவிடும்போது அது தொகையின்பாற்பட்டது. முதலாவதை மக்கள் மனம் வெறுக்கின்றது. இரண்டாவதை ஐயமின்றி ஏற்கின்றது. மூன்றாவதே ஆராய்ச்சிக்குரியது.

தொகையே நீதியாகுமெனின் சிறுதொகையினர் கதி என்ன? 1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறக் கண்ட நாட்டில் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. பெரும்பான்மையின் பெயரால் நீதி மறுக்கப்படும் என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயின், இரண்டு தொகைகளுக்கும் இடையில் அடிப்படை வேறுபாடு உண்டு. ட்ராமின் கதவு எவருக்கும் திறந்தது. இன்று மோட்டார் வண்டியில் செல்பவர் நாளை அதில் ஏறலாம். ஏறிய கணமே அம்முன்னுரிமை அவருக்கும் உரியதாகும். பிறப்பினாலும் மொழியினாலும் அமைந்த பெரும்பான்மையில் எவரும் அவ்வாறு ஏறிக்கொள்ள முடியாது. எவரும் சேரக்கூடிய தொகைக்கு வழிவிடுதல் நீதி. சேரமுடியாத தொகைக்குப் பணிதல் அடக்குமுறைக்கு உட்படுதலேயாகும்.

இக்கொள்கை ஆள்வோர் மீது ஒரு கடமையைச் சுமத்துகின்றது. கதவு திறந்திருக்கின்றது என்பது பேச்சளவில் அமைதல் போதாது. வண்டி நேரத்துக்கு வருதல் வேண்டும். கட்டணம் ஏழைக்கு எட்டுவதாதல் வேண்டும். முதியோரும் கால் ஊனமுற்றோரும் ஏறத்தக்க படியிருத்தல் வேண்டும். இவையில்லாதவிடத்து, வண்டி வராத தனி ஒழுங்கை நெரிசலில் நிற்பவனை எள்ளி நகையாடும் வெற்றிடமாகவே அமையும். அவ்வாறே, பேலியகொடையிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் லொறியையும் மறத்தலாகாது. அழியும் பொருளுக்கும் தேவை உண்டு. அதற்கு வேறு வழியும் வேறு நேரமும் வகுத்தல் முன்னுரிமையை வழங்குவோரின் பொறுப்பாகும்.

கொழும்பிலே 2017இல் பஸ்களுக்கான தனி ஒழுங்கை பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு யப்பானியக் கடனுதவியுடன் அமையவிருந்த இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்பட்டது. அத்திட்டம் வீதிக்கு மேலே தூண்களின்மீது செல்வதாக வகுக்கப்பட்டிருந்தமை கவனிக்கத்தக்கது. நிலத்தில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க இயலாதபோது, ஆகாயத்தில் இடம் தேட வேண்டியதாகின்றது. அதற்கான விலை கடனாக வருகின்றது. நிலத்தில் விட்டுக்கொடுப்பதற்கோ தண்டவாளமும் தூணும் வேண்டா. பின்னால் வரும் வண்டியில் எத்தனைபேர் நிற்கின்றனர் என எண்ணிப் பார்க்கும் பழக்கமே அதற்குப் போதிய தொடக்கமாகும்.