அரிப்பும் காரணமும்

என் வீட்டுக் கிளிக்குக் கழுத்துக்குக் கீழே இறகு இல்லை. தலை முழுப்பச்சை, மூக்கு சிவப்பு, ஆண் கிளிக்குரிய ஆரமும் கழுத்தில் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, உரித்துத் தொங்கவிட்ட காடை மாதிரி, சாம்பல் பூத்த தோல். இறகுகளை வேறு யாரும் பிடுங்கவில்லை. அதுவேதான் பிடுங்கிக்கொண்டது. தலை தப்பியதற்குக் காரணம், தன் மூக்கு தன் தலைக்கு எட்டாது என்பதுதான்.

இதை எனக்குச் சொன்னவர் வேப்பேரிப் பக்கத்துக் கால்நடை டாக்டர். ‘தலையிலும் இறகு போயிருந்தால் வைரஸ் நோயா என்று யோசிக்கலாம். எட்டுகிற இடத்தில் மட்டும் போயிருக்கிறது என்றால் உங்கள் கிளிதான் பிடுங்குகிறது’ என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவரிடம் போவதற்கு முன்பு நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது செள்ளை. அடுத்த வீட்டில் மீன் விற்கும் அம்மா, ‘இன்னா சார், கிளி மொட்டையா கீது? செள்ளு புடிச்சிருக்கும், வேப்பந்தழ தண்ணில குளிப்பாட்டு சார்’ என்று சொன்னபோது எனக்கு உண்டான ஆறுதலை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. செள் வெளியிலிருந்து வருவது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை மூன்று வாரம் தெளித்தேன். கிளி நன்றாகக் குளித்தது, உலர்ந்ததும் பிடுங்கியது.

டாக்டர் செள்ளைத் தேடினார், இல்லை. எச்சத்தைப் பரிசோதித்தார், கிருமி எதுவும் இல்லை. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சூரியகாந்தி விதை, வேர்க்கடலை என்றேன். வெறும் விதையைத் தின்று வளரும் கிளிக்கு ஏ வைட்டமின் குறைந்து தோல் வறண்டு போகும் என்றார். அதுவும் ஒரு பகுதிதான். மீதிக்கு அவர் ஒரே சொல்லில் பதில் வைத்திருந்தார்: ‘சலிப்பு.’ பிறகு தாழ்ந்த குரலில், இது வளர்க்கக் கூடாத பறவை, தெரியும் இல்லையா என்றார்.

தெரியும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். 2022-இல் வந்த திருத்தத்தால் இந்தக் கிளி அட்டவணையில் இன்னும் மேலே ஏறியிருக்கிறது. 2023-இல் சென்னையில் ஒரு நடிகர் வீட்டிலிருந்து இரண்டு கிளிகளை எடுத்துப்போய், இரண்டரை லட்ச ரூபாய் அபராதமும் போட்டார்கள். நான் இதை வாங்கவில்லை. பின்கட்டில் குடியிருந்தவர் காலி செய்தபோது, இறக்கை வெட்டிய நிலையில், கூண்டோடு விட்டுவிட்டுப் போனார். இந்த வாசகத்தை ஆறு வருஷங்களாகப் பலரிடம் சொல்லிவந்திருக்கிறேன். ‘நான் வாங்கவில்லை’ என்பதும் ஒரு வகைச் செள்தான்.

டாக்டரிடமிருந்து திரும்பி வந்ததும் அடுத்த காரணம் தயாராக இருந்தது. திருவொற்றியூரில் குடியிருப்பவனுக்கு அது வாசலிலேயே கிடைக்கும். மணலியிலிருந்து காற்று திரும்பும் ராத்திரிகளில் தொண்டை எரிகிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. கூழைக்கடாக்கள் கறுத்த மார்போடு நின்றன. எண்ணெய் பட்ட பறவை அதைக் கோதி எடுக்கப் பார்க்கும்; கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்தக் காற்றில் ஒரு கிளிக்கு அரிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். புகையும் நெடியும் பறவைத் தோலை உறுத்தும் என்பது டாக்டர்களும் சொல்வதுதான். ஆகவே, ஆலை.

இந்த முடிவில் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். அதைக் கெடுத்தது வேறொரு சம்பவம். 2024 அக்டோபர் கடைசியில் திருவொற்றியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மூச்சுத் திணறி மயங்கினார்கள். கருவிகளோடு வந்து அளந்தார்கள். என்ன வாயு, எங்கிருந்து வந்தது என்பது பிடிபடவில்லை. பிடிபடாத உடனே டீக்கடைப் பேச்சு திரும்பியது. ஒரு பிள்ளை விழுந்ததைப் பார்த்து இன்னொன்று விழுந்திருக்கும், எல்லாம் பயம், மனசு. எனக்குக் கோபம் வந்தது. அளவுக்கருவிக்கு அகப்படாததெல்லாம் நோகிறவனின் மனசுக்குள்ளிருந்து வந்தது என்று சொல்ல இவர்களுக்கு என்ன உரிமை என்று சத்தம் போட்டேன். வீட்டுக்கு வந்தேன். கிளி பிடுங்கிக்கொண்டிருந்தது. ‘பழக்கமாகிவிட்டது, சும்மா பிடுங்குகிறது’ என்று அன்று காலையில்தான் ஒரு நண்பரிடம் சொல்லியிருந்தேன்.

இந்த இரண்டு வாசகங்களுக்கும் என்ன வித்தியாசம்? ஆலை எங்களைப் பார்த்துச் சொல்வதை நான் கிளியைப் பார்த்துச் சொல்கிறேன். எனக்குச் சௌகரியமானபோது காற்று காரணம். சௌகரியமில்லாதபோது கிளியின் சுபாவம் காரணம். இரண்டிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. அதுதான் ஆபத்து. பொய்யான சமாதானத்தை நாலு கேள்வியில் உடைத்துவிடலாம். உண்மையின் துண்டை வைத்துக் கட்டிய சமாதானம் உடையாது.

காரணம் எது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் அறிவதற்காகக் கேட்பதில்லை. குற்றத்தைப் பங்கு பிரிப்பதற்காகக் கேட்கிறோம். பங்கு பிரித்து முடித்ததும் தன் பங்கு சிறியது என்று கண்டவன் எழுந்து போய்விடுகிறான். வலி நூறு காரணங்களால் ஆனது என்றால், நூறு பேரும் எழுந்து போகலாம். இதற்கு மாற்றாக எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். எந்தக் காரணம் பெரியது என்று கேட்காமல், எது என் கையில் இருக்கிறது என்று கேட்பது. காற்று என் கையில் இல்லை. அதற்காக நான் ஊரோடு சேர்ந்து கத்தவேண்டும். கூண்டின் தாழ்ப்பாள் என் கையில் இருக்கிறது.

பிளேட்டோவின் ‘கார்ஜியாஸ்’ உரையாடலில், ஆசைகளைப் பெருக்கித் தீர்த்துக்கொள்வதே நல்வாழ்வு என்று வாதிடும் காலிக்ளிஸிடம் ஸாக்ரடீஸ் கேட்கிறார்: அரிப்பு உள்ளவன், வேண்டிய மட்டும் சொறிந்துகொள்ள முடிந்து, ஆயுள் முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தால் அவன் சந்தோஷமாக வாழ்ந்தவனா? காலிக்ளிஸுக்கு இந்தக் கொச்சையான உதாரணம் பிடிக்கவில்லை. ஆனாலும் தர்க்கத்தை விட்டுக்கொடுக்காமல் ஆமாம், அதுவும் இன்பமே என்கிறான். ஸாக்ரடீஸ் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அவனுக்குச் சொறிவதைத் தவிர வேறு வேலை இருந்ததா? என் கிளி பிடுங்கும்போது வலியில் கத்துகிறது. ஆனாலும் பிடுங்குகிறது. ரத்தம் ஓடும் குருத்திறகை உருவி, நுனியை மென்று, கீழே போட்டுவிட்டு அடுத்ததைத் தேடுகிறது. நாள் முழுவதும் அதற்கு அமைந்த ஒரே காரியம் அது.

இங்கே நம்முடைய தர்மத்துக்கும் ஒரு சிக்கல் வருகிறது. ஏழுகிணறு வீராசாமித் தெருவிலிருந்து இந்தத் திருவொற்றியூருக்கு நடந்தே வந்துபோன ராமலிங்க சுவாமிகள், ஜீவகாருண்யத்தைப் பசியில் நிறுத்தினார். 1867-இல் வடலூரில் தருமசாலை வைத்தது அந்த நம்பிக்கையில்தான். பசியாற்றுவதைவிட உயர்ந்தது இல்லை என்று நானும் நம்புகிறவன். என் கிளிக்குப் பசி இல்லை. கிண்ணம் காலியாவதே இல்லை. பசியே வராதபடி பார்த்துக்கொண்டதில்தான் என் ஜீவகாருண்யம் திருப்தியடைந்தது. காட்டுக்கிளி ஒன்று பகலில் பாதியை இரை தேடுவதிலும், கொத்துவதிலும், உரிப்பதிலும், எறிவதிலும் கழிக்கிறது. நான் ஐந்து நிமிஷத்தில் வயிற்றை நிரப்பிவிட்டு மீதிப் பகலை வெறுமையாக அதன் கையில் கொடுத்தேன். பசியைத் தீர்ப்பது தர்மம். பசியோடு சேர்த்துத் தேடலையும் தீர்த்துவிடுவது என்ன?

நம் இலக்கியத்தில் கிளிக்குக் குறைவில்லை. ஆண்டாள் கையில் தினமும் புதிதாக இலையால் கட்டிவைக்கிறார்கள். மீனாட்சி கையில் இருக்கிறது. அருணகிரியார் கிளியானதாகச் சொல்லித் திருவண்ணாமலையில் ஒரு கோபுரமே நிற்கிறது. எல்லா இடத்திலும் அது வேறு யாருக்காகவோ பேசுகிறது, தூது போகிறது. நவீனர்களாகிய நாமும் விதிவிலக்கில்லை. என் கிளியைப் பார்த்த கவிஞர் ஒருவர், ‘நம்ம காலத்து மனுஷனோட படிமம் சார் இது’ என்றார். அடுத்த மாதம் கவிதையும் வந்தது. கவிதை மோசமில்லை. ஆனால் படிமமான கணத்தில் கிளி மறைந்துவிட்டது. அந்நியமாதலுக்குப் பரிகாரம் கிடையாது. ஆகவே கிளிக்கும் கிடையாது என்று ஆகிவிடுகிறது. கிளிக்குப் பரிகாரம் உண்டு, ஓரளவுக்கு.

டாக்டர் முதலில் கழுத்துப்பட்டை ஒன்றைக் காட்டினார். போட்டால் மூக்கு உடம்புக்கு எட்டாது. அரிப்பு அப்படியே இருக்கும். அதை அவரே சிபாரிசு செய்யவில்லை. மனிதர்களின் மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் சிலவற்றைக் கிளிகளுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலவற்றில் பலனும் உண்டு. கலிபோர்னியாவில் அமேசான் கிளிகளை வைத்து நடத்தி 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் எளிமையானது. இரையைத் தேடி எடுக்கவும், ஏறவும் கடிக்கவும் வழிசெய்து வளர்த்த குஞ்சுகள் அதிகம் பிடுங்கவில்லை. வெறுங்கூண்டில் பிடுங்கத் தொடங்கியவற்றுக்கு அதே வசதி கொடுத்ததும் இறகு தேறியது.

கிண்ணத்தை எடுத்துவிட்டேன். கோவைப்பழத்தைக் கொடியோடு கட்டுகிறேன். தோல் உடைக்காத கடலையைப் பனையோலையில் பொதிந்து முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுகிறேன். முருங்கைக் குச்சி, வாதாங்கொட்டை, சோளக்கதிர். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணி வரை வேலை இருக்கிறது. நாலு மாதத்தில் மார்பின் இடப்பக்கம் பச்சை வந்திருக்கிறது. வலப்பக்கம் வராது, ஒரே குழியில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் அந்தக் குழி செத்துவிடும்.

சாயங்காலம் அது கம்பியோரம் வந்து தலையைக் குனிந்து நிற்கிறது. தலையில் குருத்திறகு முளைக்கும்போது அதன் உறையை உடைத்து எடுக்க இன்னொரு கிளியின் மூக்கு வேண்டும். இங்கே இருப்பது என் விரல். மெதுவாக நகத்தால் உடைக்கிறேன், கண்ணை மூடிக்கொள்கிறது. இதை அன்பு என்று எழுத ஆசையாக இருக்கிறது. இன்னொரு கிளி இல்லாததால் என்னிடம் வருகிறது என்பதுதான் நிஜம்.

வனத்துறையிடம் ஒப்படைக்கவேண்டும். அங்கே வேறு கிளிகள் இருக்கும். இறகு கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போடுகிறேன். இந்த நிலையில் கொண்டுபோனால் ஏன் இப்படி ஆனது என்று கேட்பார்கள். காரணம் சொல்லவேண்டியிருக்கும். நூறு காரணங்கள் கைவசம் இருந்தும், அங்கே போய்ச் சொல்ல ஒன்றுகூட என்னிடம் இல்லை.