உடன் நடப்பவர்கள்

வடக்கு ஸ்பெயினின் குறுக்கே சான்தியாகோ தே கொம்போஸ்தேலா பேராலயத்துக்குச் செல்லும் காமினோ பாதையில் நடந்து வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், மலையையும் மழையையும்விட மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். காலையில் முன்பின் தெரியாதவர், இரவுச் சாப்பாட்டுக்குள் நெடுநாள் தோழர்போல ஆகிவிடுகிறார். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று வணங்கும் புனித யாக்கோபின் கல்லறை அந்தப் பேராலயத்தில் இருப்பதாக நம்பிக்கை. தங்கச்சிமடத்து வேர்க்காட்டில் இருக்கும் கோயிலும் அவர் பெயரில்தான். பிரான்ஸின் எல்லையோர ஊரான சேன் ழான் பியே தெ போரில் தொடங்கினால் காமினோ நடை சுமார் 780 கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து வாரம்.

இந்த விரைவான நட்புக்குப் பக்தியையும் யாத்ரீகர்களின் நல்ல மனதையும் காரணமாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. அங்கே பக்தர் அல்லாதவர்களும் ஏராளமாக நடக்கிறார்கள். நட்பு அவர்களுக்கும் கிடைக்கிறது. பாதையின் ஏற்பாட்டிலேயே ஏதோ இருக்க வேண்டும்.

பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ நடப்பவர்கள் பெரும்பாலும் ஊராரோடு குழுவாகக் கிளம்புகிறார்கள். பேச்சுத்துணை வீட்டுவாசலிலிருந்தே கூட வந்துவிடுகிறது. காமினோவிலோ தனியாளாகத் தொடங்குபவர்கள் மிகப் பலர். முதல் நாளே பிரனீஸ் மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மறுபக்கம் இறங்கி, 25 கிலோமீட்டர் கடந்து ரோன்செஸ்வாயெஸ் மடத்தில் வந்து விழும்போது, சுற்றியிருப்பவர்களில் பெரும்பாலோர் அன்று அதே மலையை ஏறியவர்கள். "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் போதும், வேறு அறிமுகம் வேண்டாம்.

மறுநாளிலிருந்து எல்லோரும் ஒரே திசையில் நாளுக்கு 20, 25 கிலோமீட்டர் போகிறார்கள். காப்பிக் கடையில் விட்டுவந்த ஆள் மதியம் ஆற்றுப்பாலத்தில் நிற்பார். மூன்றாம் நாள் அடுத்த கட்டிலில் படுத்திருப்பார். பார்க்க நாள் குறிக்க வேண்டியதில்லை. நடைவேகமும் சத்தமில்லாமல் ஆட்களைப் பிரித்துச் சேர்க்கிறது. மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்பவரும் ஐந்து நடப்பவரும் ஒரு மணி நேரத்திலேயே ஒரு கிலோமீட்டர் விலகிவிடுவார்கள். பக்கத்தில் மிஞ்சுபவர் உங்கள் வயதினரோ தொழில்காரரோ அல்ல, உங்கள் காலுக்கு ஈடானவர். ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் இருபது வயது மாணவனுக்கும் அங்கே பழக்கம் ஏற்படுவது இப்படித்தான்.

பக்கவாட்டில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு நின்றாலும் சங்கடமில்லை. புர்கோசுக்கும் லெயோனுக்கும் நடுவே மெசேட்டா என்னும் மேட்டுச் சமவெளி, கோதுமை வயல்களாக நாள்கணக்கில் நீள்கிறது. வேடிக்கை பார்க்க அதிகம் இல்லாத அந்த வெளியில்தான் விவாகரத்தும் பிள்ளையைப் பறிகொடுத்த துயரமும் வெளியே வருகின்றன. நெருங்கியவர்களிடம் மறைப்பதை அந்நியரிடம் கொட்டிவிடுகிறோம் என்பதைச் சமூகவியலாளர் கேயோர்க் சிம்மெல் 1908இலேயே கவனித்து எழுதினார். ரயில் சிநேகிதமும் அந்த வகைதான். ஆனால் ரயிலில் கேட்டவர் இறங்கிப் போய்விடுவார். இங்கே அவரை நாளையும் பார்க்க வேண்டும். சொன்ன பிறகும் அவர் முகம் மாறவில்லை என்று தெரியும்போது, அந்த உறவு வெறும் வழிப்பேச்சாக இருப்பதில்லை.

இத்தனையும் சேர்ந்தாலும் போதாது என்பேன். மானுடவியலாளர்கள் விக்டர் டர்னரும் எடித் டர்னரும் 1978இல் வெளிவந்த தங்கள் நூலில், யாத்திரை மனிதர்களின் அந்தஸ்தைக் களைந்து சமமாக்குகிறது என்று வாதிட்டார்கள். அதற்கு முன்பே மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரத்துக்கு வார்க்கரி யாத்ரீகர்களோடு நடந்த மானுடவியலாளர் இராவதி கார்வே வேறொன்றைக் கண்டார்: ஒன்றாகப் பாடி நடந்தவர்கள், சாப்பாட்டு வேளையில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்தார்கள். அவர் மனம் நொந்து எழுதியதைப் படித்தால், சேர்ந்து நடப்பது மட்டுமே யாரையும் சேர்த்துவிடாது என்பது விளங்கும்.

காமினோவில் அந்த மீதிவேலையைச் செய்வது ஆல்பெர்கே எனப்படும் யாத்ரீகர் விடுதி. முத்திரை குத்தும் யாத்ரீகர் அட்டை இருந்தால் இடம் உண்டு. பொதுவாக ஓர் இரவுதான். பத்து மணிக்கு விளக்கணைப்பு. அடுக்குக் கட்டில்கள், வாசலோரம் வரிசையாகச் சேறு படிந்த காலணிகள், கொடியில் எல்லோருடைய காலுறைகளும். கிரான்யோன் கிராமத்தில் தேவாலயத்தை ஒட்டியே விடுதி; தரையில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டும். கட்டணம் கிடையாது, முடிந்ததைப் பெட்டியில் போடலாம். வந்தவர்களே காய் நறுக்கி, மேசை போட்டு, ஒரே பானையிலிருந்து பரிமாறிச் சாப்பிட்டு, பாத்திரமும் கழுவுகிறார்கள்.

காலில் கொப்புளம் வந்தவருக்கு அங்கே ஒரு கைவைத்தியம் உண்டு. சுத்தம் செய்த ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தின் ஊடே இழுத்து, நீர் வடிய நூலை உள்ளேயே விட்டுவிடுவார்கள். கிருமி தொற்றும் என்று மருத்துவர்கள் இதை ஏற்பதில்லை. என்றாலும் நாள் முழுக்க நடந்த ஒருவரின் பாதத்தை, நேற்றுவரை யாரென்று தெரியாத இன்னொருவர் மடியில் வைத்துத் துடைக்கிறார். நம் வழக்கத்தில் மகனோ மருமகளோ செய்யும் காரியம் அது.

ஒரு நாள் முழங்கால் வீங்கி ஒருவர் தங்கிவிட்டால், கூட்டம் ஒரு நாள் தூரம் முன்னே போய்விடும். பிறகு பார்க்காமலேயே போகலாம். அதற்காக அந்த நட்பை அரைகுறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழ் பெறக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால் சார்ரியாவில் தொடங்குபவர்கள் ஏராளம். 2023இல் மட்டும் எல்லாப் பாதைகளிலுமாக 4.4 லட்சம் பேருக்கு மேல் சான்றிதழ் வாங்கினார்கள். தனி அறை முன்பதிவும் பையைச் சுமந்து சேர்க்கும் வண்டியும் இப்போது சாதாரணம். உடல் முடியாதவர்களுக்கு அவை வேண்டும்தான். ஆனால் இந்த நட்பு வேண்டுமென்றால், முடிந்தவர்கள் பிரனீஸ் எல்லைமலையிலிருந்தே தொடங்குங்கள். முதல் வாரத்திலாவது முன்பதிவைத் தவிர்த்து, தேவாலய விடுதிகளில் தங்குங்கள். சமையலுக்கு ஆள் கேட்டால் முதலில் எழுந்து போங்கள்.