புண்ணியக் கணக்கில் சேராத நீர்

நீரைக் கொண்டுவருவது அறம் என்றால், பயன்படுத்திய நீரை முறையாக வெளியேற்றுவது எவ்வகைச் செயல் என்ற கேள்வியை இந்திய அறநூல்கள் அரிதாகவே எழுப்பின. வடமொழித் தரும நூல்கள் நற்செயல்களை இட்டம், பூர்த்தம் என இரண்டாகப் பகுத்து, வேள்வி முதலிய சடங்குகளை முன்னதிலும், கிணறு, குளம், சோலை, சத்திரம் என ஊருக்குப் பயன்படும் ஆக்கங்களைப் பின்னதிலும் அடக்கின. ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் உள்ள, 1369ஆம் ஆண்டைச் சேர்ந்த போருமாமிள்ள ஏரிக் கல்வெட்டு, ஏரி வெட்டுவதன் புண்ணியத்தைச் சொல்வதோடு நில்லாமல், நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு கூறுகளையும் தவிர்க்க வேண்டிய ஆறு குற்றங்களையும் வரிசைப்படுத்துகிறது. புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்லும் அறிவுரையும் தாழ்ந்த நிலங்களில் நீரைத் தேக்கு என்பதே. ஆனால் குளித்தும் கழுவியும் விட்ட நீர் எங்கே போக வேண்டும் என்பதில் மரபு தந்தவை பெரும்பாலும் விலக்குகள்தாம். நீரில் மலசலம் சேரலாகாது என்று மனுநூல் தடுக்கிறது. அப்படியானால் அதை அகற்றுபவர் யார் என்ற இடத்தில், நடைமுறைச் சமூகம் அந்த வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டியதோடு, வேலை செய்தவரையே தீட்டுக்குரியவராகவும் ஆக்கியது. நீரின் வரவுக்குப் புண்ணியமும் செலவுக்குத் தீட்டும் எழுதப்பட்ட இந்தக் கணக்கு, பாதாளச் சாக்கடைக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டிய இன்றைய ஊர்களில் இன்னும் தீர்க்கப்படாமல் கிடக்கிறது.

விருதுநகர், சிவகாசி வட்டாரம் இதை ஆராய ஏற்ற இடம். வறட்சியே இங்கு முதலீடாயிற்று: 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலும், அதன் வழியே வளர்ந்த பட்டாசுத் தொழிலும், காய்ந்த காற்றையும் குறைந்த மழையையும் நம்பியவை. மருந்து உலர உதவிய அதே வானிலைதான் குடிநீரை அரிதாக்கியது என்பதால், சிவகாசி வெம்பக்கோட்டை அணையையும் மானூர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும், விருதுநகர் ஆனைக்குட்டத்தையும் தொலைவிலுள்ள தாமிரபரணியையும் சார்ந்திருக்க நேர்ந்தது. இவ்வாறு குடிநீரின் ஒரு பகுதி வேறோர் ஆற்றுப் படுகையிலிருந்து குழாயில் வருகிறது. விருதுநகரில் அது பயன்பட்ட பின் வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்த கௌசிகா ஆற்றில் இறங்கிக் குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அந்த நீர்த்தேக்கம் நகரக் கழிவால் கெடுகிறது என்பது கீழ்ப்பகுதி விவசாயிகளின் நெடுங்காலப் புகார். பாதாளச் சாக்கடைத் திட்டமிருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு அளவு. அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணிப்பு. 2011 கணக்கெடுப்பின்படி 72 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த விருதுநகருக்கு அந்த அளவு முழுதும் கிடைத்தால், நாள்தோறும் ஏறத்தாழ 78 லட்சம் லிட்டர் கழிவுநீர் எங்கோ போயாக வேண்டும். குடிநீர்த் திட்டம் ஒன்றைத் திறக்கும்போதே அதன் முக்கால் பங்குக்கு மேலானதைக் கழிவாகவும் திறந்துவிடுகிறோம் என்பது திறப்பு விழாக் கல்வெட்டுகளில் பொறிக்கப்படுவதில்லை. மேல்நிலைத் தொட்டியில் பெயர் எழுத இடமுண்டு. சாக்கடை மூடியில் எழுதிக்கொள்ள யாரும் முன்வருவதில்லை.

பெயர் வேண்டாத பங்களிப்பு இவ்வூர்களுக்குப் புதிதன்று என்பதுதான் வியப்பு. மகமை என்பது நாடார் வணிகர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட வரி. சந்தைக்கு வரும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து, உறவின்முறை எனப்பட்ட சமூக அமைப்பின் பொது நிதியில் சேர்ப்பார்கள். பின்னாளில் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கப்பட்டதும், அதற்கென வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைக்கப்பட்டதும் இந்த வழக்கத்தின் விளைவுகளே. கோயில் உரிமைக்காக 1899இல் சிவகாசி கலவரம் காணும் அளவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஒரு சமூகம், பிறர் தராததைத் தானே கட்டிக்கொள்ள இந்தச் சிறு பங்குகளை நம்பியது. மகமை தானம் ஆகாது. தானத்தில் கொடுப்பவர் மனம் வைக்க வேண்டும். மகமையில் மூட்டை நகர்ந்தால் போதும், பங்கு தானே விழும்.

திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களாக (22, 23) வைத்திருப்பது இங்கே கருதத்தக்கது. ஈகை, இல்லாதவர் என்று அறியப்பட்ட ஒருவருக்குக் கொடுப்பது. ஒப்புரவோ, உலகத்தோடு சேர்ந்து வாழ்வதன் கடமையாக, பெறுபவர் இன்னார் என்று பார்க்காமலும் கைம்மாறு நோக்காமலும் செய்வது. ஊருணி நிறைவதை வள்ளுவர் உவமையாக்குவது இந்த ஒப்புரவுக்குத்தான். தண்ணீர்ப்பந்தலை ஈகையாகக் கொள்ளலாம், தாகத்தோடு வருபவர் எதிரே நிற்கிறார். சுத்திகரிப்பு நிலையத்தின் பயனாளியோ பல கல் தொலைவில், முகம் தெரியாமல், சில வேளை இன்னும் பிறக்காமலும் இருக்கிறார்; அவர் பெறுவதும் ஒரு பொருளன்று, நேராமற்போன ஒரு கேடு. நன்றி சொல்ல எதுவுமற்ற இத்தகைய நன்மையை ஈகை என்ற சட்டத்துக்குள் அடக்க முடியாது. கழிவுநீருக்கு அறம் உண்டென்றால் அது ஒப்புரவாகவே இருக்க முடியும். அதன் நிதி வடிவம் மகமையைப் போன்ற, ஓட்டத்தின் அளவோடு கட்டப்பட்ட, முடிவில்லாத சிறு பங்காகவே இருக்க முடியும். முடிவில்லாத என்பது முக்கியம்: ஏரி வெட்டியவருக்குப் புண்ணியம் ஒரே நாளில் சேர்ந்துவிடலாம், ஆனால் நீரேற்று நிலையத்தின் மோட்டாருக்கு மின்கட்டணம் மாதந்தோறும் வரும்.

இது வெறும் கருத்தளவில் நிற்பதன்று. சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பாதாளச் சாக்கடை அமைக்கப்பட்டபோது, குழாய் பதிப்பதற்கு முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் என மக்கள் வைப்புத்தொகை கட்டினர். அங்கு கட்டியவர்களுக்குத் தம் வாசல் தூய்மையாகும் என்ற நேரடிப் பயன் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஒப்புரவும் தன்னலமும் ஒரு குழாயில் செல்வதை அறம் தடுக்கவில்லை. செப்டிக் டேங்க் வீடுகளிலும் கழிவை அகற்ற யாரோ விலை கொடுத்தாக வேண்டும்: தொட்டிக் கழிவு மேலாண்மைக்குத் தமிழக அரசு 2014இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது, அதே ஆண்டு மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறங்கி உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டு, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இயந்திரத்துக்குச் செலவிடாத ஊர் மிச்சப்படுத்திய பணம் யாருடைய உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை இத்தீர்ப்புகள் ரூபாயில் எழுதிக் காட்டின.

ஆயினும் மகமையை அப்படியே முன்மாதிரியாக்க ஓர் இடையூறு உண்டு. அதன் வட்டம் உறவோடு முடிந்தது; கட்டியவர்களே கூடி முடிவு செய்தார்கள், பயனும் முதலில் அவர்களுக்கே திரும்பியது. அதன் வலிமையும் அந்த நெருக்கம்தான். கௌசிகா ஆற்றுக்கு அந்த வட்டம் பொருந்தாது. சாக்கடைக் கட்டணத்தை நிர்ணயிக்கும் நகர்மன்றத்தில் குல்லூர்சந்தைப் பக்கத்து விவசாயிக்கு வாக்கில்லை, அவர் வாழ்வது ஊராட்சியில். தாமிரபரணிக் கரையிலிருந்து நீர் விட்டுக்கொடுப்பவருக்கும் அங்கே வாக்கில்லை. கட்டணம் கட்டுபவர், நீர் தருபவர், கெடுதலைத் தாங்குபவர் மூவரும் மூன்று வெவ்வேறு எல்லைகளுக்குள் வாழும்போது, அவர்களை ஒரே கூட்டத்தில் அமர்த்தும் அமைப்பு எது என்பதற்கு மரபில் ஆயத்தமான விடை இல்லை. ஆற்றுப் படுகை முழுவதையும் ஓர் உறவின்முறையாகக் கருதும் சபையை இனிமேல்தான் உருவாக்க வேண்டும், அதில் முதல் இருக்கை கீழ்ப்பகுதியாருக்குத் தரப்பட வேண்டும்.